தண்ணி ஒழுகல, ஆனா பம்பு காத்தக் குடிச்சிச்சு

மலேசியாவுல ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் ஏத்தத்துல ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் வண்டி நாக் அடிச்சப்பதான், அதாவது என்ஜின் உள்ள பெட்ரோல் சூட்டுல கண்ட நேரத்துல தானா வெடிச்சப்பதான், எனக்கு தெரிஞ்சது, பம்பு ஓடுறது வேற தண்ணி போறது வேறன்னு. டாஷ்போர்டுல பச்ச லைட்டு எரியுது, பூட்ல இருந்து, என்ஜினுக்கு தண்ணி தெளிக்கிற பம்போட சத்தம் ர்ர்ர்னு கேக்குது, எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சி நானும் மெனோரா டன்னல் பக்கமா ஏறிக்கிட்டு இருக்கேன், முன்னால செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஒன்னு ஊர்ந்து போகுது, அத தாண்டலாம்னு வலது லேனுக்கு மாறி கொஞ்சம் மிதிச்சதுதான், தகர டின்னுல கோலிக்குண்டு போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம். பக்கத்துல வீட்டுக்காரம்மா "ஏங்க, என்னங்க அது?"ன்னு கேட்டாங்க. நான் ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டு காலை எடுத்துட்டு திரும்ப லோரி பின்னாலயே போய் ஒதுங்கிட்டேன். ஒன்னும் இல்லன்னு சொன்னேனே ஒழிய கைல வேர்த்துடுச்சு.

கோலக்கங்சார்ல மாமியார் வீட்டு வாசல்ல நிறுத்தி பூட்ட தொறந்து பாத்தா டேங்குல முக்காவாசி தண்ணி அப்படியே இருக்கு. காலையில சுங்கை சிப்புட்ல கெளம்பும்போது எந்த கோடு வரைக்கும் ஊத்துனேனோ அந்த கோட்டுலயே நிக்குது, ஈப்போவுக்கு போயி அங்க இருந்து ஏத்தம் ஏறி வந்தும் ஒரு சொட்டு கொறையல.

வண்டி பத்தி சொல்லிடுறேன், இல்லன்னா மிச்சது புரியாது. பழைய புரோட்டோன் வீரா, உள்ள ஹாஃப் கட்ல (பாதியா வெட்டி விக்கிற பழைய வண்டி) எடுத்த 4ஜி93 டர்போ என்ஜின், ஜேபிஜே (ரோட்டு போக்குவரத்து இலாகா) கிராண்ட்ல மாத்தி எழுதுனது, அதனால ரோட் பிளாக்ல நெஞ்சு படபடக்காது. டர்போ என்ஜினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம், அதான் பூஸ்ட், 0.9 பார். நம்ம ஊரு வெயில்ல ஜாம்ல நின்னு நின்னு, அந்த காத்த ஆத்துற இன்டர்கூலர் சட்டி மாதிரி சுட்டுப்போயிரும், அதுக்கப்புறம் சாதா பெட்ரோல் ரோன் 95 ஊத்திக்கிட்டு பூஸ்ட் அடிச்சா என்ஜின் தாங்காது. ரோன் 97 ஊத்தலாம், ஆனா தெனம் ஈப்போவுக்கு வேலைக்கு போய்ட்டு வர்ற வண்டிக்கு அந்த வெலை கட்டுப்படியாகாது. அதான் வாட்டர் இன்ஜெக்ஷன். என்ஜினுக்கு போற காத்த தொறந்து மூடுற த்ராட்டில் பக்கத்துல ஒரு சின்ன நாசில், அதுல தண்ணிய பனி மாதிரி அடிச்சா அது ஆவியாகும்போது சூட்ட இழுத்துக்கும். ஒரு கிலோ தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 2257 கிலோஜூல் இழுக்குது, அதே ஒரு கிலோ மெத்தனால் அதுல பாதிதான் இழுக்கும். நாக் வராம இருக்க இது ரொம்ப பழைய வைத்தியம். ரெண்டாம் உலக யுத்தத்துல சண்ட விமான என்ஜின்லயே இருந்துச்சு, 1962ல ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்னு ஒரு கார், கம்பெனியிலேயே இத போட்டு வந்துச்சு, நம்ம காலத்துல பி.எம்.டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் பூட்ல அஞ்சு லிட்டர் டேங்கோட வந்துச்சு. அதனால இது எதோ பசங்க வெளையாட்டுன்னு நெனக்காதீங்க.

மெத்தனால் ஏன் கலக்கலன்னு கேப்பாங்க. பாதிக்கு பாதி கலந்தா இன்னும் நல்லா வேல செய்யும், தெரியும். ஆனா 2018ல சிலாங்கூர் பக்கம் விஷ சாராயத்துல பல பேர் செத்துப்போனாங்களே, அதுல இருந்தது இந்த மெத்தனால்தான். தோட்டத்துல வளந்தவனுக்கு சம்சு சாராயம் என்ன பண்ணும்னு யாரும் பாடம் எடுக்க வேணாம். வீட்டுல சின்ன புள்ளைங்க இருக்கு, தண்ணி கணக்கா வெள்ளையா இருக்குற அத கேன்ல வச்சிக்கிட்டு நான் ராத்திரி தூங்க மாட்டேன். வெறும் தண்ணி போதும்.

சரி, பம்புக்கு வருவோம்.

மறுநாளு நம்ம வண்டி ரிப்பேர் பாக்குற போர்மேன் மச்சான் கிட்ட கொண்டு போனேன். அவன் மீட்டர் வச்சி பாத்தான், பம்புக்கு 13 வோல்ட் வருது, எர்த் நல்லா இருக்கு, ரிலே டக்குனு அடிக்குது. "பம்பு செத்துருச்சு மச்சான், புதுசு வாங்கிரு"ன்னான். 260 வெள்ளி. மாசக் கடைசி வேற. வாங்கி மாட்டுனோம், தண்ணி பீச்சி அடிச்சிச்சு, அன்னைக்கு சாயந்தரம் வண்டி பறந்துச்சு, நான் அவனுக்கு மாமாக் கடையில ரொட்டி சானாயும் தே தாரேவும் வாங்கி குடுத்தேன். மூணாம் நாள் காலையில அதே ர்ர்ர், அதே பச்ச லைட்டு, தண்ணி இல்ல.

இந்த எடத்துல நான் பண்ண தப்பு என்னன்னா சத்தத்த கவனிக்கல. தண்ணி இருக்குற பம்பு சத்தம் கனமா, அழுத்தமா, கொஞ்சம் மெதுவா இருக்கும், நாசில் வரைக்கும் பிரஷர் ஏறுனா இன்னும் இறுகும். காத்துல ஓடுற பம்பு சத்தம் லேசா வேகமா, சுமை எறக்கின லோரி மாதிரி கலகலன்னு இருக்கும். பூட்ட தொறந்து வச்சி ரெண்டையும் ஒரு தடவ கேட்டுட்டா அப்புறம் மறக்காது. எனக்கு இது தெரியாததால ரெண்டு வாரம் ஃபியூஸ், வயர், கன்ட்ரோலர்னு சுத்திக்கிட்டு இருந்தேன்.

எங்க தாமான் குடியிருப்புல எதிர்வீட்டுல ஒரு மாமா இருக்காரு. லாசா ரோட்டு பக்கம் கித்தா (ரப்பர்) தோட்டமா இருந்த காலத்துல இருந்து செம்பனையா மாறுன வரைக்கும் தோட்டத்து பம்பு ஹவுஸ்ல வேல பாத்தவரு, ஆத்துல இருந்து தண்ணிய இழுத்து மேட்டு டேங்குக்கு ஏத்தி லயத்து பைப்புக்கு விடுறது அவரு வேல. லயத்த ஒடச்சப்ப அவரும் எங்கள மாதிரி தாமானுக்கு வந்துட்டாரு. நான் சனிக்கெழம காலையில பூட்ட தொறந்து வச்சிக்கிட்டு திட்டிக்கிட்டு இருந்தத பாத்துட்டு பசியாறிட்டு கோப்பி மக்கோட வந்து நின்னாரு. கார பத்தி அவருக்கு ஒன்னும் தெரியாது, மோட்டர் சைக்கிள் மட்டும்தான் ஓட்டுவாரு. ரெண்டே கேள்வி கேட்டாரு.

"தம்பி, தண்ணி எங்க இருக்கு?"

கீழ இருந்த டேங்க காட்டுனேன்.

"பம்பு எங்க?"

டேங்குக்கு ஒரு அடிக்கு மேல, பூட் பக்கச் சுவத்துல ஜோரா பிராக்கெட் போட்டு மாட்டியிருந்தத காட்டுனேன். மொதல்ல இத ஃபிட் பண்ண எடத்துல பூட்ட தொறந்தா பம்பு பளிச்சுனு தெரியணும்னு அங்க வச்சாங்க. டேங்குல ஓட்ட போட வேணாம்னு மூடி வழியா ஒரு டியூப்ப எறக்கி அடியில இருந்து உறிஞ்சுற மாதிரி பண்ணியிருந்தாங்க. எனக்கும் அப்ப அழகாதான் தெரிஞ்சது.

மாமா கோப்பிய ஒரு வாய் குடிச்சிட்டு சொன்னாரு, "பம்புன்னா தள்ளுறதுல கெட்டிக்காரன்யா, இழுக்குறதுலதான் சோம்பேறி. அவன் தலைக்கு மேல வச்சா தண்ணி அவனத் தேடி வரும், காலுக்கு கீழ வச்சா இவன் தேடிப் போவணும்." அப்புறம் ஒரு கத. மழ இல்லாத மாசத்துல ஆத்து மட்டம் எறங்குனா பம்பு ஹவுஸ்ல பம்பு சும்மா சுத்தும், தண்ணி வராது, லயத்துல பொம்பளைங்க வாளிய வச்சிக்கிட்டு கத்துவாங்க, பெரிய கிராணி வந்து மோட்டர் கெட்டுப்போச்சான்னு கேப்பாரு. மோட்டருக்கு ஒன்னும் இருக்காது. உறிஞ்சுற பைப்புல எங்கயோ ஜாயிண்ட் லூசாகி காத்து உள்ள போகும். அந்த ஜாயிண்ட்ட கண்டுபிடிக்க இவங்க ஒரு பீடிய பத்த வச்சி புகைய ஒவ்வொரு ஜாயிண்ட் கிட்டயும் ஊதுவாங்களாம், எங்க புகை உள்ள இழுக்குதோ அங்க கிரீஸ அப்பி துணி சுத்தி கட்டுனா பம்பு தண்ணிய பிடிச்சிரும்.

"நீ தண்ணி ஒழுகுற எடத்த தேடுற. தள்ளுற பக்கம் ஓட்ட இருந்தாதான் ஒழுகும். இழுக்குற பக்கம் ஓட்ட இருந்தா ஒரு சொட்டு வெளிய வராது தம்பி, காத்துதான் உள்ள போவும். காய்ஞ்ச எடத்த பாரு."

நான் ரெண்டு வாரமா டார்ச் அடிச்சி ஈரம் இருக்கான்னு தடவி தடவி பாத்துக்கிட்டு இருந்தவன். எல்லா ஜாயிண்ட்டும் காஞ்சி சுத்தமா இருந்துச்சு, அதனால அது நல்லா இருக்குன்னு நெனச்சேன்.

காருக்குள்ள, அதுவும் பெட்ரோல் டேங்கு பக்கத்துல, பீடி புகையெல்லாம் வேணாம், யாரும் செய்யாதீங்க. நான் செஞ்சது இது: மீன் தொட்டி சாமான் விக்கிற கடையில ரெண்டு மீட்டர் கண்ணாடி மாதிரி ஹோஸ் வாங்கி உறிஞ்சுற பக்கம், டேங்கு டியூப் சொருகுற ஃபிட்டிங்ல இருந்து பம்பு வரைக்கும் அதயே மாட்டுனேன். நாசில கழட்டி வெளிய எடுத்து ஒரு பழைய மைலோ டின்னுல விட்டுட்டு பம்ப ஓட விட்டேன். அப்ப பாத்தேன், ஹோஸ்ல தண்ணி வருது, ஆனா அந்த ஃபிட்டிங் தாண்டி கடுகு சைஸ்ல காத்து முத்து முத்தா போகுது, பாசிமணி கோத்த மாதிரி. ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கிரீஸ் தடவுனேன், மூணாவது ஜாயிண்ட்ல தடவுன ஒடனே பாசிமணி நின்னுச்சு. அது தள்ளி சொருகுற ஃபிட்டிங், டியூப்ப உள்ள தள்ளுனா பிடிச்சிக்கும், உள்ள ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம் இருக்கும். டியூப்ப வெளிய இழுத்து பாத்தா நுனிய கட்டிங் பிளையர்ல வெட்டி இருக்கு, சாய்வா, நசுங்கி முட்ட மாதிரி. முழு வட்டமா இல்லன்னா ஓ-ரிங் ஒரு பக்கம்தான் ஒட்டும். போதாக்கொறைக்கு டியூப்ப வளைச்சி கேபிள் டை போட்டு இழுத்து கட்டியிருந்தாங்க, அது எப்பவும் ஃபிட்டிங்க ஒரு பக்கமா நெம்பிக்கிட்டே இருந்திருக்கு. புது பிளேடுல நேரா வெட்டி, நுனியில கீறல் இல்லாத எடமா பாத்து சொருகி, ஃபிட்டிங் தாண்டி ஒரு ரெண்டு இன்ச் நேரா விட்டு அப்புறம் வளைச்சேன். அவ்வளவுதான் வேல.

மீன் தொட்டி ஹோஸ அப்படியே விட்டுடாதீங்க, நான் விட்டேன், மத்தியான வெயில்ல கார் நின்னதுல அது இளகி, பம்பு இழுக்குற இழுப்புல உள்ள அமுங்கி ஒட்டிக்கிச்சு. பாக்குறதுக்கு மட்டும்தான் அது.

சரியாயிடுச்சுன்னு மாமாவுக்கு நன்றி சொல்லி ஒரு டின் பிஸ்கட் குடுத்தேன். மறுநாள் காலையில பழையபடி காத்து.

அப்ப புரிஞ்சது, கோளாறு ஒன்னு மட்டும் இருக்கும்னு யார் சொன்னது. ராத்திரி முழுக்க வண்டி நிக்கும்போது லைன்ல இருக்குற தண்ணி பம்பு வழியா திரும்ப டேங்குக்கே எறங்கிடுது. பம்புக்குள்ள இருக்குற குட்டி ரப்பர் வால்வுங்கதான் அத தடுக்கணும். பழைய பம்பு, அந்த 'செத்துப்போன' பம்பு, அத மேசையில வச்சி தலையில இருக்குற ஸ்குருவ கழட்டி தொறந்தேன். உள்ள முன்னும் பின்னும் ஆடி தண்ணிய தள்ளுற ரப்பர் தகடு, அதான் டயஃப்ரம், கிழியல, ஒன்னும் ஆகல. ரப்பர் வால்வு ஒன்னுக்கு அடியில வெள்ளையா ஒரு நூலு, அரிசி நீளம்கூட இருக்காது. என்னன்னு ஊசியில எடுத்து பாத்தா பைப்பு மரையில சுத்துற வெள்ள டேப்பு! ஃபிட்டிங் மாட்டும்போது மரையோட நுனி வரைக்கும் சுத்தி இருக்காங்க, இறுக்கும்போது பிஞ்ச துணுக்கு உள்ள போயி வால்வுல ஒக்காந்துக்கிச்சு. வால்வு முழுசா மூடலன்னா பம்பு முன்னால தள்ளுனதயே பின்னாலயும் விட்டுரும், தண்ணியா இருந்தா கூட சமாளிக்கும், காத்துன்னா சுத்தமா பிடிக்காது. புது பம்பும் ரெண்டு நாள் ஓடி நின்னதுக்கு அதே கததான், அதே டேப்பு, அதே ஃபிட்டிங். 260 வெள்ளிக்கு நான் வாங்குனது ரெண்டு நாள்.

அதுல இருந்து மரையில டேப்பு சுத்துனா மொத ரெண்டு மரைய விட்டுட்டுதான் சுத்துறேன், உறிஞ்சுற பக்கம் பம்புக்கு முன்னால ஒரு வலை ஃபில்டர் போட்டிருக்கேன், அதையும் மாசத்துக்கு ஒரு தடவ கழுவுறேன். ஃபில்டர் அடைச்சாலும் பம்பு காத்த தேடும், அது வேற.

ஒரு சோதனை சொல்றேன், யாரு வேணும்னாலும் செய்யலாம், காசு கெடையாது. பம்போட வெளிய தள்ளுற வாய கட்ட விரல்ல மூடி, காஞ்ச பம்ப ஒரு ரெண்டு செகண்ட் ஓட விடுங்க. காத்துல ஓடுதுன்னா விரல்ல லேசா ஊதுற மாதிரிதான் இருக்கும், சுலபமா பிடிச்சிக்கலாம். தண்ணி வந்துட்டா எவ்வளவு அழுத்துனாலும் விரல பிச்சிக்கிட்டு மூஞ்சில அடிச்சிரும். இந்த வித்தியாசத்துலதான் மொத்த விசயமும் இருக்கு. பம்பு மேல அழுத்தம் 150 பிஎஸ்ஐன்னு எழுதி இருக்கே, அது தண்ணிக்கு. காத்து சுருங்கும். டயஃப்ரம் உள்ள தள்ளும்போது காத்து வெளிய போகாம சுருங்கி நிக்கும், பின்னால வரும்போது திரும்ப விரிஞ்சிக்கும், ஸ்பிரிங்க வச்சி வெளையாடுற மாதிரி முன்னும் பின்னும், தண்ணி ஒரு அங்குலம் கூட ஏறாது.

இதுல நானே எனக்கு குழி தோண்டுனது ஒன்னு இருக்கு. பம்ப எறக்கி பூட் தரையில ஸ்பேர் டயர் பள்ளத்துல வச்சேன், டேங்க அதுக்கு மேல ஏத்துனேன், டேங்கு அடியில ஓட்ட போட்டு ஃபிட்டிங் வச்சி, ஒன்னேகால் மீட்டர் இருந்த உறிஞ்சுற ஹோஸ ஒரு சாண் ஆக்குனேன். மாமா சொன்ன மாதிரி இப்ப தண்ணி தானா பம்ப தேடி வருது. பம்பு காத்த குடிச்சி தண்ணிய விட்டுர்றது, அதான் பிரைம் போறது, அந்த கதையே இல்ல. ஆனா ஒரு வாரத்துல வேற ஒரு கூத்து. காலையில ஈப்போ போற வழியில சிக்னல்ல நிக்கும்போது ஐட்லிங் தடுமாறுது, எக்ஸாஸ்ட்ல சொட்டு சொட்டா தண்ணி, வேலைக்கு போய் சேர்ந்து பாத்தா டேங்குல அர லிட்டர் காணோம், பூஸ்டே அடிக்கல!

நாசில் இருந்தது த்ராட்டிலுக்கு பின்னால, காத்த சிலிண்டருக்கு பிரிச்சி விடுற மேனிஃபோல்டுல. கால் எடுத்துட்டா அங்க வேக்கம், அதாவது காத்தில்லாத இழுப்பு, ஐட்லிங்ல என் வண்டி கேஜ் 18 இன்ச் காட்டும். 18 இன்ச் பாதரசம்னா தண்ணி கணக்குல ஆறு மீட்டருக்கு மேல, ரெண்டு மாடி உயரத்துக்கு இழுக்குற இழுப்பு. பம்பு நின்னாலும் அதோட வால்வுங்க ஓடுற தெசையில தொறந்து விட்டுரும், என்ஜின் ஸ்டிரா போட்டு இளநி குடிக்கிற மாதிரி டேங்க குடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. டேங்கு பம்புக்கு கீழ இருந்தப்ப இருந்ததவிட இப்ப இன்னும் சுலபம் அதுக்கு. இது சும்மா தண்ணி வீணாகுற விசயம் மட்டும் இல்ல. நிறுத்துன வண்டியில தண்ணி மெல்ல எறங்கி சிலிண்டர்ல நின்னுச்சுன்னா, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டன் தண்ணிய அமுக்க முடியாம கனெக்டிங் ராடே வளைஞ்சிரும். நாக்க விட இதுக்குதான் நான் அதிகமா பயந்தேன்.

அதுக்கு என்ன பண்ணேன்னா நாசிலுக்கு பக்கத்துல ஸ்பிரிங் வச்ச, ஒரு பக்கமா மட்டும் விடுற செக் வால்வு ஒன்னு போட்டேன், 20 பிஎஸ்ஐ வந்தாதான் தொறக்கும். இழுக்குறது நின்னுச்சு. சந்தோசம். ஆனா அந்த செக் வால்வு மாட்ட லைன கழட்டுனேன்ல, லைன் முழுக்க காத்து. இப்ப பம்பு அந்த காத்த 20 பிஎஸ்ஐக்கு சுருக்கி வால்வ தொறக்கணும், அதால முடியல, தண்ணியே தலைக்கு மேல இருந்தும் பம்பு காத்துல ஓடுது. ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டு போட்டு நானே ரெண்டு சாவியயும் தொலச்ச மாதிரி. மாமா வாசல்ல நின்னு சிரிச்சாரு, "காத்துக்கு வெளிய போக வழி விடுய்யா"ன்னு.

வழி விட்டேன். செக் வால்வுக்கு முன்னாலயே டியூப்ப கழட்டி பாட்டில்ல விட்டு, பம்ப ஓட விட்டு, துப்பி துப்பி வந்து, அப்புறம் முத்து முத்தா வந்து, கடைசியா கயிறு மாதிரி ஒரே சீரா தண்ணி வர்ற வரைக்கும் விட்டு, பம்பு ஓடிக்கிட்டு இருக்கும்போதே டியூப்ப சொருகி மூடுனேன், சட்ட நனைஞ்சது. டேங்குல கை வைக்கும்போதெல்லாம், ஃபில்டர் கழுவும்போதெல்லாம் இத திரும்ப செய்யணும், இது ஒரு தடவ வேல கெடையாது.

அப்புறம் நிதானமா யோசிச்சி நாசிலயே த்ராட்டிலுக்கு முன்னால, இன்டர்கூலர்ல இருந்து வர்ற பைப்புக்கு மாத்திட்டேன், அங்க ஐட்லிங்ல வேக்கம் கெடையாது. ஸ்பிரிங் வால்வ கழட்டி போட்டுட்டு கரண்ட்ல தொறந்து மூடுற வால்வு, அதான் சோலினாய்டு, ஒன்ன நாசிலுக்கு ஒட்டி வச்சேன், பம்பு வயரோடயே கரண்ட், பம்பு ஓடுனா தொறக்கும், நின்னா மூடும். மூடும்போது லைன் முழுக்க தண்ணி நிக்குது. இது ஏன் முக்கியம்னு கணக்கு போட்டு பாத்தேன். பூட்ல இருந்து பானெட் வரைக்கும் டியூப் நாலு மீட்டர், உள் அளவு 4 மில்லிமீட்டர், அதுல புடிக்குற தண்ணி 50 மில்லி. நாசில் இல்லாம என் பம்பு பத்து செகண்டுக்கு 200 மில்லி தள்ளுது, அப்படின்னா காலி லைன நெரப்பவே ரெண்டரை செகண்ட், நாசிலோட இன்னும் கூட ஆகும். லோரிய தாண்டுற நேரமே ஏழு எட்டு செகண்டுதான். பூஸ்ட் மொதல்ல வரும், தண்ணி அப்புறம் வரும், நாக் நடுவுல வரும். ஆக பம்பு முழுசா பிரைம் போகணும்னு கூட இல்ல, லைன் பாதி காலியானாலே போதும். அந்த பி.எம்.டபிள்யூல என்ஜின நிறுத்துனா லைன்ல இருக்குற தண்ணிய டேங்குக்கே திருப்பிடுவாங்களாம், பனியில ஒறஞ்சிரக் கூடாதுன்னு. நமக்கு என்ன பனியா கொட்டுது சுங்கை சிப்புட்ல, லைன் நெறஞ்சே கெடக்கட்டும்.

இதுக்கு நடுவுல இன்னும் ரெண்டு சில்லற விசயம், ரெண்டும் என் கைவரிசதான். டேங்கு மூடியில ஒரு ஊசி ஓட்ட இருக்கும், காத்து உள்ள வர்றதுக்கு. பூட்ல வச்ச மளிக சாமான் மேல தண்ணி தெறிக்குதுன்னு வீட்டுல சத்தம் போட்டதால மூடிக்கு அடியில பிளாஸ்டிக் பைய வச்சி இறுக்கி மூடுனேன். கொஞ்சம் தண்ணி போனதும் டேங்குக்குள்ள வேக்கம், பம்பு திணறுது, டேங்கு பக்கம் உள்ள ஒடுங்கி போயிருக்கு. மூடிய திருகுன ஒடனே புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. இப்ப மூடியில இருந்து ஒரு சின்ன ஹோஸ் போட்டு பூட் அடியில விட்டுட்டேன், சாமானும் நனையாது. இன்னொன்னு, ஓசியில கெடைக்குதேன்னு கூரையில இருந்து புடிச்ச மழத்தண்ணி. ஒரு மாசத்துல டேங்கு சுவத்துல பச்சையா வழுவழுன்னு பாசி, அது வந்து ஃபில்டர அடைச்சிச்சு. இப்ப பேட்டரிக்கு ஊத்துற தண்ணிதான், டேங்கு மேல கறுப்பு பிளாஸ்டிக் சுத்தி வெளிச்சம் படாம வச்சிருக்கேன்.

லாசா ரோட்டு வளைவுல மட்டும் எப்பயாவது ஒரு துப்பு துப்பும். டேங்கு கால்வாசிக்கு கீழ போனா வளைவுல தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கி ஓட்டைய விட்டு நகந்துரும், ஒரு மடக்கு காத்து போயிரும். அதுக்கு டேங்குக்குள்ள தடுப்பு வைக்கலாம், நான் சோம்பேறித்தனமா பாதிக்கு கீழ போக விடுறது இல்ல, தண்ணி மட்டம் எறங்குனா லைட்டு போடுற ஃப்லோட் சுவிட்ச பாதியிலயே எரியற மாதிரி வச்சிட்டேன்.

பச்ச லைட்டு விசயத்துக்குதான் கடைசியா ஒரு முடிவு கட்டுனேன். அந்த லைட்டு பம்புக்கு கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் சொல்லுது, தண்ணி போகுதுன்னு சொல்லல, ஆனா நான் அத நம்பி ஏத்தம் ஏறுனேன். இப்ப சோலினாய்டுக்கு முன்னால லைன்ல ஒரு பிரஷர் சுவிட்ச், 60 பிஎஸ்ஐ வந்தாதான் பூஸ்ட் கன்ட்ரோலருக்கு கரண்ட் விடும், வரலன்னா பூஸ்ட், டர்போவோட வேகத்த கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் வால்வோட ஸ்பிரிங் அளவு 0.5 பார்லயே நின்னுரும், வண்டி மந்தமாயிரும், அவ்வளவுதான். அந்த 1962 ஜெட்ஃபயர்லயே டேங்கு காலியானா பூஸ்ட கொறைக்கிற ஏற்பாடு இருந்துச்சு, நான் பச்ச லைட்டு வச்சி திருப்தி பட்டேன். இந்த சுவிட்ச்சுக்கும் ஒரு குருட்டுத்தனம் இருக்கு, நாசில் அடைச்சிக்கிட்டா லைன்ல பிரஷர் நல்லாவே ஏறும், சுவிட்ச் எல்லாம் சரின்னு நெனச்சிக்கும். அதனால மாசம் ஒரு தடவ நாசில கழட்டி அளவு கப்புல 30 செகண்ட் அடிக்க விட்டு பாக்குறேன். என் நாசிலுக்கு 150 மில்லி வரணும். கோளாறு நடந்துக்கிட்டு இருந்த காலத்துல அது 60 தாண்டல, அதுவும் புஸ் புஸ்னு துப்பிக்கிட்டு. சந்தேகமா இருந்தா மொத நாளே இத செஞ்சிருக்கணும் நான், ஒரு கப்பும் போன்ல இருக்குற கடிகாரமும் போதும், 260 வெள்ளி மிச்சம்.

அந்த பழைய பம்ப சுத்தம் பண்ணி, டேப்பு துணுக்க எடுத்துட்டு, பழைய கார் பேட்டரி ஒன்னோட மாமாவுக்கு குடுத்தேன். வீட்டு பின்னால மொளகா செடி, வெண்டி, கருவேப்பிலைக்கு நீல டிரம்ல மழத்தண்ணி புடிச்சி வச்சிருக்காரு, அதுக்கு மாட்டிட்டாரு. நான் போயி பாத்தேன், டிரம்ம நாலு செங்கல் அடுக்கி மேல ஏத்தி, அடியில குழாய் வச்சி, பம்ப தரையோட தரையா ஒரு பலகையில ஒக்கார வச்சிருக்காரு, ஜாயிண்ட் ஒவ்வொன்னுலயும் கிரீஸ் அப்பி கந்தல் துணி சுத்தி இருக்கு. சுவிட்ச தட்டுனாரு, கனமா ஒரு சத்தம், ஒடனே தண்ணி வந்துச்சு.